முரசு முயலின் முகவரி

கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழிலில் இருக்கிற யாரிடமாவது ஆறுமுகத்தாய் எங்கே என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். லேபிள்காரம்மா எங்கே என்று கேட்டுப் பாருங்கள், சைக்கிளில் ஏற்றிக் கொண்டுபோய் வாசலிலேயே இறக்கிவிடுவார்கள். கடம்பூருக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமத்தில் பிறந்து, மழை பொய்த்த ஒரு வருடத்தில் குடும்பத்தோடு டவுனுக்கு வந்து, பன்னிரண்டு வயதில் தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்ட உட்கார்ந்தவள் அவள். ஆபீஸ் என்றதும் மேஜை நாற்காலி என்று நினைத்துவிட வேண்டாம். இந்த ஊரில் குச்சி அடுக்குகிற தகரக் கொட்டகைக்கும் ஆபீஸ் என்றுதான் பெயர். பகலில் பசை, சாயங்காலம் பாடப் புத்தகம் என்று பத்தாம் வகுப்பைத் தேறி, டைப்ரைட்டிங் லோயரும் முடித்து, எண்பத்தொன்பதில் சிறு தயாரிப்பாளர் சங்கத்தில் லேபிள் பதிவு கிளார்க்காகச் சேர்ந்தாள். கையால் ஒட்டிய படங்களுக்கே காவல்காரி ஆனாள். எனக்குன்னே வச்சிருந்த வேலை என்பாள். கொஞ்சம் கர்வமாகத்தான் சொல்லுவாள்.

கர்வத்துக்குக் காரணம் உண்டு. வடக்கே தீப்பெட்டி வாங்குகிறவர் யாரும் பெயரைப் படித்து வாங்குவதில்லை. ஒரிசாவில் ஏதோ ஒரு மலையடிவாரத்துக் கடையில் ஒரு கிழவர் வந்து மயில் கொடு, கப்பல் கொடு என்றுதான் கேட்பார். லேபிளில் தங்க எழுத்தில் ஆங்கிலத்தில் என்ன அடித்திருந்தாலும் அவருக்கு அது மயில்தான். அதனால் இங்கே தொழில் செய்கிறவர்களுக்குப் படம்தான் சொத்து. ஒருவர் படத்தை இன்னொருவர் அடித்துவிட்டால் வயிற்றில் அடித்த மாதிரி. அதைத் தடுக்கத்தான் சங்கமும் பதிவும். முதலில் பதிந்தவருக்கே படம் என்பது சங்கத்தின் சட்டம்.

ஆறுமுகத்தாயிடம் அறுபத்திரண்டு ஆல்பங்கள் இருந்தன. பறவைக்கு எட்டு, மிருகத்துக்குப் பதினொன்று, சாமிக்கு ஒன்பது, பூவுக்கு ஆறு என்று எல்லாம் படவாரியாக ஒட்டியிருக்கும். யாராவது வந்து, "எக்கா, குரங்கு சைக்கிள் ஓட்டுற மாரி ஒண்ணு போடலாம்னு இருக்கேன், யாரும் வச்சிருக்காவளா?" என்று கேட்டால், மிருகம் மூன்றை எடுத்து, எச்சில் தொட்டு நாலு பக்கம் புரட்டி, "இருக்கு. வேற பாரு," என்று அனுப்பிவிடுவாள்.

இரண்டாயிரத்தில் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. செயலாளர் ராஜமணி அண்ணாச்சி மானிட்டருக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டார். மதுரைக் கம்பெனி ஒன்று ஆட்களை அனுப்பி, நாலு மாதம் உட்கார்ந்து, மூவாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் லேபிள்களின் விவரத்தையும் உள்ளே ஏற்றியது. ஏற்றி முடித்த வாரம் ஆறுமுகத்தாய் தங்கை மகள் காதுகுத்துக்காக விளாத்திகுளம் போயிருந்தாள். மூன்றாம் நாள் வந்து பார்த்தால் அலமாரி துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"எல்லாம் உள்ள போயிட்டுல்லா, இனி அது எதுக்கு? எடத்த அடைச்சிக்கிட்டு. பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாச்சு," என்றார் ராஜமணி.

அவள் பழைய பேப்பர் கடைக்கு ஓடிப் பார்த்தாள், ஒரு ஏடும் மிஞ்சவில்லை. ஆனாலும் கம்ப்யூட்டர் மேல் அவளுக்குக் கோபமில்லை. அது பாவம், அதனிடம் கேட்கத் தெரிந்தால் பதில் சொல்லும் என்று நினைத்தாள். கேட்க விட்டால்தானே!

தேடுகிற ஸ்கிரீனில் மூன்று பெட்டிகள். பதிவு எண், கம்பெனி பெயர், பதிவுப் பெயர். மூன்றையும் நிரப்ப வேண்டும், மூன்றும் சரியாக இருக்க வேண்டும். ஒன்று காலியாக இருந்தாலும், ஒன்று பிசகினாலும், 'பீப்' என்று கத்திவிட்டு 'பதிவு இல்லை' என்று எழுதும். குரங்கு சைக்கிள் ஓட்டுகிறதா என்று கேட்க வந்த மனுசனிடம், அந்தக் குரங்கின் பதிவு எண் என்ன என்று கேட்டால் அவர் என்ன சொல்லுவார்? நம்பர் தெரிந்தவர் ஏன் தேட வருகிறார்? இந்த எளிய கேள்வியை அந்த ஸ்கிரீனுக்கு ஆர்டர் கொடுத்த சங்கக் கமிட்டியில் ஒருவரும் கேட்கவில்லை. அவர்களில் ஒருவரும் கவுண்டரில் உட்கார்ந்ததில்லை.

அந்த 'இல்லை'தான் விஷம். நீ கேட்டது எனக்கு விளங்கவில்லை என்று சொல்லியிருந்தால் போகட்டும். 'இல்லை' என்று சொன்னதைச் சங்கம் வேதவாக்காக எடுத்துக்கொண்டு புதிய லேபிள்களைப் பதிய ஆரம்பித்தது. ஆறுமுகத்தாய் ஒவ்வொரு தடவையும், "அண்ணாச்சி, இதே மாரி ஒண்ணு நான் பாத்திருக்கேன்," என்பாள்.

"ஒன் ஞாபகத்துக்கு சீல் வைக்க முடியுமா?" என்பார் ராஜமணி. பேச்சு முடிந்தது.

இரண்டாயிரத்து இரண்டு மாசியில் பதருன்னிசா வந்தாள். எட்டயபுரம் ரோட்டில் நாற்பது பெண்களை வைத்துத் தீப்பெட்டி போடுகிறவள். வயது ஐம்பதிருக்கும். கையில் சங்கத்தின் நோட்டீஸ். அவளுடைய லேபிள், சிவப்புப் பின்னணியில் ஒரு முயல் முரசு அடிக்கிற படம். போன வருடம் ஒரு பெரிய ஆபீஸ், மஞ்சள் பின்னணியில் முயல் முரசு அடிக்கிற படத்தைப் பதிந்திருந்தது. கம்ப்யூட்டர் 'இல்லை' என்று சொன்னதால் பதிந்து கொடுத்ததும் இதே சங்கம்தான். இப்போது அந்தப் பெரிய ஆபீஸ், பதருன்னிசா எங்கள் படத்தைத் திருடிவிட்டாள் என்று புகார் கொடுத்திருந்தது. முப்பது நாளில் பழைய பதிவைக் காட்டவில்லை என்றால் முயலை நிறுத்திவிட வேண்டும்.

"எங்க வீட்டு ஆளு சபியுல்லா எம்பத்தி நாலுல யார்ட்டயோ வெல பேசி வாங்குன முயல் மார்க்கு தாயி," என்றாள். "அவிய மௌத்தாகிப் போயி ஆறு வருசம் ஆச்சு. காயிதமெல்லாம் ஒரு மழைல கூர ஒழுகிப் போயிட்டு. யார்ட்ட வாங்குனாவ, எந்த ஊரு, ஒண்ணும் தெரியாது. இந்த முயலு போச்சுன்னா ஒரிசாக்காரன் வேற படத்த வாங்க மாட்டான். நாப்பது பொம்பளயும் நாளைக்கு எங்கன போவாளுவ?"

ஆறுமுகத்தாய்க்கு அந்த முயல் ஞாபகம் இருந்தது. மிருகம் நான்கில், கடைசிக்கு முந்தின பக்கம், பசை கூடிப்போய்ச் சுருங்கி இருக்கும். ஆல்பம் இருந்தால் இந்நேரம் எடுத்து மேஜையில் போட்டிருப்பாள். அது எந்தக் கடையில் பொட்டலமாகிப் போனதோ!

ஆனால் அவள் இன்னொன்றையும் கவனித்து வைத்திருந்தாள். சர்டிபிகேட்டைக் கையிலேயே கொண்டுவருகிற ஆட்களுக்கு மூன்று பெட்டியும் சரியாக நிரம்பும், பதிவு முழுசாகத் திறக்கும். அதன் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். படத்தில் என்ன, கூட என்ன, என்ன நிறம். மதுரைப் பிள்ளைகள் ஆல்பத்தைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் அதையும் ஏற்றியிருந்தார்கள். அப்படியானால் மூவாயிரத்து எண்ணூறு படமும் உள்ளேதான் இருக்கிறது. போக வழிதான் இல்லை.

மாதாமாதம் மதுரையிலிருந்து வந்து கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுப் போகிற செல்லத்துரையிடம் கேட்டாள். நாற்பது வயது, பையில் எப்போதும் இரண்டு பேனா, பேச்சில் எப்போதும் அவசரம்.

"அது சும்மா குறிப்புக்குப் போட்டது மேடம். தேடுறதுக்கு இல்லை. நம்பரைப் போட்டுத் தேடுனா டக்னு வருமே."

"நம்பர் தெரியாதவிய என்ன செய்ய?"

"தெரிஞ்சுக்கிட்டு வரச் சொல்லுங்க."

அவள் மேஜை டிராயரிலிருந்து ஒரு பழைய டைரியை எடுத்து நீட்டினாள். இரண்டு மாதமாகக் கவுண்டரில் யார் வந்து என்ன கேட்டாலும், கேட்டவர் வாயில் வந்தபடியே எழுதி வைத்திருந்தாள். 'மாம்பழத்தக் கிளி கொத்துமே அது.' 'பச்சக் கலர்ல ரயிலு, பொக வரும்.' 'புலி மாரி இருக்கும், ஆனா புலி இல்ல.' மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு கேள்வி. நம்பரில் தொடங்கியது நான்கே நான்கு.

செல்லத்துரை இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, ஜனங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை என்றான். அங்கேதான் ஆறுமுகத்தாய்க்குச் சூடு ஏறியது.

"அப்படியா? நாளைக்கு ஒரு நாளு என் நாற்காலில நீங்க இருங்க சார். நான் அந்தாக்குல பெஞ்சுல இருந்து பாக்குதேன்."

ரோஷக்காரன், உட்கார்ந்தான். காலை பத்திலிருந்து மதியம் ஒரு மணிக்குள் பதினான்கு பேர் வந்தார்கள். பதின்மூன்று பேருக்குப் பீப். நாலாவது பீப்பில் சட்டைக் காலரைத் தளர்த்தினான். ஒன்பதாவதில், கயத்தாறிலிருந்து வேலையைப் போட்டுவிட்டு வந்த ஒருவர், "ஏம்ப்பா, ஒட்டகம் இருக்கா இல்லயான்னு கேட்டா ஒட்டகத்துக்க வெலாசம் கேக்கிய?" என்று சத்தம் போட்டார். பதில் கிடைத்தது ஒரே ஒருவருக்கு. அவர் சர்டிபிகேட்டோடு வந்தவர், கோடு போட்ட இடத்தில் கையெழுத்து வாங்கத்தான் வந்திருந்தார்.

செல்லத்துரையிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. அடி வாங்கினால் வலித்தது என்று ஒத்துக்கொள்வான். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே, "எப்படி வேணும்னு சொல்லுங்க மேடம்," என்றான்.

அவள் சொல்லவில்லை, வரைந்தாள். சிவகாசியிலிருந்து வந்த வெட்டாத லேபிள் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, அதன் வெள்ளை முதுகில் மூன்று பெட்டி போட்டாள். படத்துல யாரு? கூட என்ன இருக்கு? என்ன கலரு? யாரும் எதையும் டைப் அடிக்க வேண்டாம், மவுஸால் தொட்டால் பட்டியல் விழ வேண்டும், விழுந்ததில் ஒன்றைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். பிறகு தாளின் அடியில் பேனாவை அழுத்தி எழுதினாள்: 'தெரியாததைக் காலியா விடலாம். கத்தக் கூடாது.'

"காலியா விட்டா நிறைய வந்து விழுமே?"

"விழட்டும். இருவது படம் வந்தா இருவதையும் பாத்துட்டுப் போறோம். ஒண்ணுமே வராததுக்கு அது மேலு இல்லையா?"

விசாரணை வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு. செல்லத்துரை அன்று காலை ஒன்பதரை மணிக்குத்தான் மதுரை பஸ்ஸிலிருந்து பிளாப்பி டிஸ்குகளோடு ஓடி வந்தான். புதிய ஸ்கிரீனை ஏற்றி முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது கமிட்டி ஆட்கள் ஐந்து பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். பெரிய ஆபீசின் மேனேஜர் மணிகண்டபிரபு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். பதருன்னிசா சுவரோரம் நின்றாள்.

ஆறுமுகத்தாய் கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். முயல், முரசு, சிவப்பு. ஒன்றும் வரவில்லை. நிறத்தைக் காலியாக விட்டாள். ஒரே ஒரு வரி வந்தது. முயல், முரசு, மஞ்சள், போன வருடப் பதிவு.

"கம்ப்யூட்டரே சொல்லிட்டு," என்று சிரித்தார் மணிகண்டபிரபு.

முரசையும் காலியாக விட்டாள். முப்பத்தோரு முயல்கள் வரிசையாக விழுந்தன. கேரட் தின்கிற முயல், நிலாவில் முயல், தொப்பி போட்ட முயல். சிவப்பில் முரசு அடிக்கிற முயல் அதில் இல்லை.

"போதும் தாயி. நீ எம்புட்டோ பாடுபட்டுட்ட," என்று பதருன்னிசா சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு கிளம்பப் பார்த்தாள்.

ஆறுமுகத்தாய் கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். இரண்டு மாதம் டைரி எழுதியது, சண்டை போட்டது, எல்லாம் இதற்குத்தானா? அப்போது, பசை காய்ந்த விரல்களோடு லேபிள் ஒட்டிய நாட்கள் அவளுக்கு உதவிக்கு வந்தன. பழைய சிவப்பு அச்சு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மை இழுவிப்போய் முகம் எல்லாம் அப்பிக்கொள்ளும். காதும் உடம்பும்தான் மிஞ்சும். ஆனால் முரசு வட்டமாக, பெரிசாக இருக்கும், அதை யாராலும் தவறாகப் பார்க்க முடியாது. முயலை விடு, முரசைப் பிடி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். 'படத்துல யாரு' என்ற பெட்டியைக் காலியாக விட்டாள். முரசு, சிவப்பு.

ஏழு வரி வந்தது. யானை, சிப்பாய், குரங்கு, மறுபடி சிப்பாய், சிங்கம், ஒரு பொம்பளைப் பிள்ளை. ஏழாவது: கழுதை. முரசு. சிவப்பு. பதிந்த வருடம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு.

ஆறுமுகத்தாய் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டாள். கமிட்டி திடுக்கிட்டுப் பார்த்தது.

"அண்ணாச்சி, எந்தக் கிறுக்கன் கழுதய தீப்பெட்டில போடுவான்? பழைய அச்சுல காது மட்டும் நீளமா தெரியும், மூஞ்சி மை அப்பிக் கெடக்கும். மதுரப் பிள்ளைய கழுதன்னு ஏத்திட்டுதுவ. இதுதான் அந்த முயலு!"

"அதெப்படி? என்னைப் பார் யோகம் வரும்னு கழுதப் படம் கடைக்குக் கடை தொங்குதே. அதே மாரி எவனாவது போட்டிருப்பான்," என்றார் மணிகண்டபிரபு. சரியான பிடிதான். ராஜமணியும் தலையை ஆட்டினார். திரையில் எழுதியிருப்பது கழுதை, கேட்பது முயல். சட்டப்படி இரண்டும் ஒன்றில்லை.

"கம்பெனி பேரும் வெலாசமும் இருக்குல்லா. முத்துசெல்வம் மேட்ச் ஒர்க்ஸ், கயத்தாறு," என்று அவள் வாசித்தாள். "போயி சர்டிபிகேட்டப் பாத்தா தெரிஞ்சிட்டுப் போவுது."

ராஜமணி கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணி வரைக்கும் கமிட்டி இருக்கும். அதுக்கு மேல என்னால ஆவாது."

இரண்டு பெண்களும் திருநெல்வேலி பஸ்ஸில் தொற்றிக்கொண்டார்கள். கயத்தாறில் இறங்கி, லாரிகள் நிற்கிற இடத்துக்குப் பின்னால் நாலு தெரு விசாரித்தபோது முத்துசெல்வம் இறந்து வெகு வருடமாகிவிட்டது என்று தெரிந்தது. மனைவி சங்கரம்மாள் இருந்தாள். வந்த காரியத்தைக் கேட்டதும் அவள் உள்ளே கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினாள். முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நடுவில், கண்ணாடிச் சட்டத்துக்குள், பொட்டு வைத்துச் சங்கத்தின் சர்டிபிகேட். அதன் மூலையில் ஒட்டிய சிவப்பு லேபிளில், மை அப்பின முகத்தோடு, முயல் முரசு அடித்துக்கொண்டிருந்தது. குட்டையான வாலைப் பார்த்தாலே முயல் என்று தெரிந்தது.

பதருன்னிசா கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள். அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"சபியுல்லா பாய்க்குத்தான் குடுத்தோம். இந்த எடத்துல வச்சுத்தான் வெல பேசுனாவ," என்றாள் சங்கரம்மாள். சட்டத்தைக் கொடுத்தனுப்பச் சொன்னதற்கு மறுத்துவிட்டாள். "எங்க வீட்டுக்காரர் ஆசையா மாட்டுனது. தனியா விட மாட்டேன். நானும் வாரேன்."

மூன்று பெண்கள், ஒரு கண்ணாடிச் சட்டம். பஸ்ஸில் கண்டக்டர், சாமி படமா என்று கேட்டார். ஆமா, முயல் சாமி என்றாள் ஆறுமுகத்தாய். நாலேகாலுக்குச் சங்கத்துக்குள் நுழைந்து சட்டத்தை மேஜையில் வைத்தார்கள். ராஜமணி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார். சர்டிபிகேட்டில் இருந்த நம்பரைத் திரையில் இருந்த நம்பரோடு விரல் வைத்து ஒப்பிட்டார். சங்கரம்மாள் சொன்னதையும் எழுதி வாங்கிக்கொண்டார். மணிகண்டபிரபு காலைக் கீழே இறக்கி வைத்தார்.

"முயல்தான்," என்றார் ராஜமணி. "எழுபத்தெட்டுலயே பதிஞ்ச மார்க்கு. இந்தம்மாவுக்குத்தான் சொந்தம். போன வருசப் பதிவு ரத்து." பிறகு கமிட்டி ஐந்து பேர் முன்னாலேயே சொன்னார்: "ஆல்பத்த எடைக்குப் போட்டது என் தப்பு ஆறுமுகம்."

அதைக் கேட்க அவள் இரண்டு வருடம் காத்திருந்தாள். கேட்டபோது, பரவாயில்லை அண்ணாச்சி என்று சொல்லத் தோன்றவில்லை. ஆமா, தப்புத்தான் என்றாள். ராஜமணியே சிரித்துவிட்டார்.

அடுத்த வாரம் மானிட்டர் கவுண்டரில் வெளிப்பக்கம் பார்த்துத் திரும்பியது. வருகிறவர்களே கோழியையும் கப்பலையும் மவுஸால் தொட்டுத் தொட்டுத் தேடினார்கள். செல்லத்துரை மதுரையில் தன் கம்பெனிக்காரர்களிடம், ஸ்கிரீன் போடுவதற்கு முன்னால் கவுண்டரில் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு வாருங்கள் என்று சொல்ல ஆரம்பித்தானாம். ஒரு நாள் மணிகண்டபிரபுவே வந்து நின்றார். மஞ்சள் முயலுக்குப் பதிலாக வேறு படம் வேண்டும். குடை பிடித்த கரடி யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டார். ஆறுமுகத்தாய் எழுந்திருக்கவில்லை. "நீங்களே கேளுங்க சார், அது சொல்லும்," என்றாள்.

இதெல்லாம் அப்புறம். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கமிட்டி கலைந்ததும், ராஜமணியின் கையெழுத்தோடு, எழுபத்தெட்டாம் வருடப் பதிவைத் திருத்த அவள் உட்கார்ந்தாள். பின்னால் பதருன்னிசாவும் சங்கரம்மாளும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். பட்டியலைத் திறந்து கழுதையை எடுத்துவிட்டு முயலைப் போட்டாள். உரிமையாளர் என்ற இடத்தில் பதருன்னிசா என்று ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் பெயரைக் கம்ப்யூட்டரில் பார்த்த பதருன்னிசா அதை எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

பிறகு சங்கரம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ரெண்டு வருசமா இது கழுதன்னு பேரு வாங்கிக்கிட்டு உள்ளயே கெடந்துருக்கு பாரு. ஆனாலும் முரசு அடிக்கிறத நிறுத்தல."